லொறிக்கு விடை இல்லை

சிறுவர் பக்கம் நடத்துவது எளிது என்று நினைப்பவர்கள், ஒரு பிள்ளையின் கேள்விக்கு 'தெரியாது' என்று அச்சில் பதில் போட்டுப் பார்க்க வேண்டும். பிள்ளைகளுக்குப் பதில் சொல்லியே களைத்தவர்களுக்கு இது விளங்கும்.

அரைப் பக்கம்

மருதமுனையில் ஏழாம் ஆண்டு படிக்கும் சஹ்லா, பத்திரிகையில் நான் நடத்தும் சிறுவர் பக்கத்துக்கு எழுதி, 'லொறி' என்ற ஆங்கிலச் சொல் எப்படி வந்தது என்று கேட்டிருந்தாள். அவளுடைய வாப்பா நெல் லொறி ஓட்டுபவர். அகராதிகளைப் புரட்டினேன். 'இழு' என்று பொருள்படும் வட இங்கிலாந்துப் பேச்சுச் சொல்லிலிருந்து வந்திருக்கலாம். லோரி என்ற ஒருவரின் பெயராகவும் இருக்கலாம். முடிவாக யாருக்கும் தெரியாது. அப்படியே எழுதிக் கொடுத்தேன். பத்திரிகை ஆசிரியர் வாசித்துவிட்டுச் சொன்னார்: "தெரியாதெண்டு சொல்ல அரைப் பக்கமா சேர்? ஒரு டியூசன் விளம்பரம் போட்டிருக்கலாமே."

தேநீர்க் கடையில்

பக்கம் வெளிவந்த மறுநாள், அக்கரைப்பற்று நெல் வியாபாரி ஒருவர் கல்முனைத் தேநீர்க் கடையில் என்னைப் பிடித்துக்கொண்டார். "லொறி எங்கிருந்து வந்த எண்டு எனக்கிட்டக் கேட்டிருக்கலாமே சேர். கொழும்புல இருந்துதான் வந்த. நாந்தானே எடுத்து வந்தன்."

பூச்சியம்

சஹ்லாவின் பாடசாலையில் பொது அறிவுப் போட்டி வைத்தார்கள். அதில் லொறியும் வந்தது. 'லோரி என்பவரின் பெயர்' என்பதுதான் அவர்கள் வைத்திருந்த விடை. சஹ்லா இரண்டு கருத்தையும் எழுதி, 'சரியாகத் தெரியாது' என்று முடித்திருந்தாள். பூச்சியம். அந்த ஒரு கேள்வியால் மாவட்டப் போட்டிக்கான இடம் இன்னொரு பிள்ளைக்குப் போய்விட்டது. அவளுடைய வாப்பா என் வாசலில் லொறியை நிறுத்திவிட்டு, அவளையும் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தார். அவர் கோபப்படவில்லை; அதுதான் கஷ்டமாக இருந்தது. "நீங்க எழுதினதத்தானே சேர் இவ எழுதின. இப்ப என்ன செய்வம்?"

அகராதிகளோடு ஒரு பயணம்

அகராதிகளை மடியில் வைத்துக்கொண்டு அதே லொறியில் பாடசாலைக்குப் போனேன். போட்டி நடத்திய ஆசிரியை நல்லவர். பொறுமையாக வாசித்தார், எனக்குத் தேநீர் தந்தார், பெருமூச்சு விட்டார். "நீங்க சொல்றது சரி சேர். ஆனா விடை இல்லாத கேள்விக்கு நான் எப்படிப் புள்ளி போடுற?"

திரும்பும் வழியில்

கடைசியில் அந்தக் கேள்வியையே நீக்கினார்கள். இரண்டு பிள்ளைகளும் சமமாகிவிட்டதால் திங்கட்கிழமை அவர்களுக்கு மட்டும் மறுபோட்டி. லொறியில் எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த சஹ்லா மெதுவாகக் கேட்டாள்: "திங்கக்கிழமையும் தெரியாதது வந்தா, தெரியாதெண்டே எழுதட்டா சேர்?" நான் வாயைத் திறப்பதற்குள் அவளுடைய வாப்பா கியரை மாற்றினார். "சேர்க்கிட்டக் கேக்காத மகள். இன்னொருக்கா லொறியக் கொண்டுவர எனக்கு ஏலா."

இத்தனை காலம் பிள்ளைகளுக்கு எத்தனையோ சொற்களைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். நான் அகராதிகளைச் சுமந்து அலைந்ததெல்லாம் 'தெரியாது' என்ற ஒன்றுக்காகத்தான்.