தோட்டா இயந்திரத்துக்குக் கடைந்த வளையம்

எங்கள் வீட்டு வாசலில், சப்பாத்து அடுக்கும் பலகையின் மேல் ஓர் இரும்பு வளையம் கிடக்கிறது. உள்ளேயும் திருகு மரை, வெளியேயும் திருகு மரை. உள்மரை நெருக்கமானது, வெளிமரை அகலமானது. வருகிறவர்கள் தண்ணீர்க் குழாயின் துண்டு என்று நினைப்பார்கள். நான் திருத்துவதில்லை. ஊரைவிட்டு வந்து, ஜெர்மன் பேசும் எம்மன்புரூக்கேயில் ஒரு சிறிய கடைசல் பட்டறையில் வேலை செய்த தொண்ணூறுகளில் என் கையால் கடைந்தது அது.

பட்டறை முதலாளியை நாங்கள் செஃப் என்றுதான் கூப்பிடுவோம். பருத்த மனிதர். பேச்சு குறைவு. சுருட்டைப் பற்றவைக்காமல் வாயில் வைத்துக்கொண்டு திரிவார். பட்டறை மூலையில் அவருடைய தகப்பனின் பழைய இயந்திரம் ஒன்று மேசையோடு முடுக்கப்பட்டிருந்தது. பச்சை நிற வார்ப்பிரும்பு, நீண்ட கைபிடி. சுட்டு முடிந்த தோட்டாவின் வெற்றுக் கோதைக் கீழே உள்ள கிண்ணத்தில் வைத்துக் கைபிடியை அழுத்தினால், மேலே உள்ள அச்சு அதைப் பழைய உருவத்துக்குக் கொண்டுவரும். பிறகு அந்தக் கோதில் மறுபடி தோட்டா செய்யலாம். தகப்பனின் துவக்குக்கு ஏற்ற தோட்டா கடைகளில் அற்றுப்போய்விட்டது. பழைய அச்சும் தேய்ந்துவிட்டது. புதிய அச்சு வாங்கினார், அதன் மரை இயந்திரத்தின் வாய்க்குச் சேரவில்லை. ஊர்ச் சுடுவோர் சங்கத்தின் விழாவில் தகப்பனின் துவக்கால் ஒரு தடவையாவது சுட வேண்டும் என்பது அவருடைய ஆசை.

முதல் தடவை அதைக் கேட்டபோது நான் இயந்திரத்தைவிட்டு ஓரடி தள்ளி நின்றேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சுடும் பயிற்சிக்குச் சைக்கிளில் துவக்கைக் கொழுவிக்கொண்டு போகும் கிழவர்களையும், இராணுவப் பயிற்சிக்குப் போய்வரும் ரயிலில் துவக்கை மடியில் வைத்துக்கொண்டு நித்திரை கொள்ளும் பெடியன்களையும் நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன். என்றாலும் பார்ப்பது வேறு, கை வைப்பது வேறு. ஊரில் நான் கடைந்ததெல்லாம் தண்ணீர் இறைக்கும் இயந்திரங்களின் பாகங்கள்தான். போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது ஒன்றின் வால்வை இன்னொன்றுக்கு மாட்டி ஓடவைத்திருக்கிறோம். அந்த நினைப்பில், இயந்திரத்தின் வாயைப் பெரிதாகக் குடைந்து புது மரை வெட்டினால் முடிந்தது என்று சொன்னேன். செஃப் தலையை ஆட்டினார். தகப்பனின் இரும்பில் ஒரு கீறலும் விழக்கூடாது, இடையில் ஒரு வளையம் செய்து போடு, வேண்டாத நாளில் கழற்றினால் இயந்திரம் பழையபடி இருக்க வேண்டும் என்றார். அப்படித்தான் இந்த வளையம் பிறந்தது.

வளையம் பொருந்திய வெள்ளிக்கிழமை, மேல் அச்சும் கீழ்க் கிண்ணமும் நேராக நிற்கின்றனவா என்று பார்க்க ஒரு வெற்றுக் கோது தந்தார். அது தகப்பன் கடைசியாகச் சுட்டது. செஃப் அதை மேசையில் தனியாக வைத்திருப்பார். பார்த்தேன், நேராகத்தான் நின்றது. கோதை வேலைச் சட்டைப் பொக்கற்றில் போட்டுக்கொண்டு மற்ற வேலைக்குப் போனேன். அப்படியே சட்டையோடு வீட்டுக்கும் வந்துவிட்டேன்.

எங்கள் கட்டடத்தில் நிலக்கீழ் அறையில் உடுப்புத் தோய்க்க ஒவ்வொரு வீட்டுக்கும் முறை உண்டு. முறை தவறினால் அயலாரின் முகத்தில் ஒரு மாதத்துக்கு முழிக்க முடியாது. சனிக்கிழமை எங்கள் முறை. மனைவி உடுப்புக் கூடையோடு கீழே போனாள். மேலே வரவில்லை. நீண்ட நேரத்துக்குப் பிறகு குளிரில் விறைத்தபடி வெளிக்கதவால் வந்தாள்.

"இஞ்சாருங்கோ, உங்கடை பொக்கற்றுக்குள்ளை கிடந்ததை ஆத்திலை போட்டுட்டன். ஆர் வந்து கேட்டாலும் தெரியாதெண்டு சொல்லுங்கோ."

"ஐயோ, அது செஃப்பின்ரை தேப்பன்ரை சாமானடியப்பா!"

"தேப்பன்ரையோ பாட்டன்ரையோ, என்ரை வீட்டுக்குள்ளை வேண்டாம். தம்பியின்ரை சேட்டுக்குள்ளை ஆமிக்காரன் எடுத்ததும் இந்தப் பெரிசுதான்."

அவளுடைய தம்பி தோட்டத்து வரம்பில் பளபளத்த ஒரு கோதைப் பொறுக்கிப் பொக்கற்றில் போட்டவன். ஊரில் நடந்த சுற்றிவளைப்பில் ஆமிக்காரர் அவனைக் கொண்டுபோனார்கள். வரவில்லை. 

 எங்கள் விசா அந்த வேலையில் தொங்கிக்கொண்டிருந்தது. கள்ளன் என்று நினைத்து வேலையால் நிற்பாட்டினால் குடும்பத்தில் ஐந்து பேரும் எங்கே போவது? திங்கட்கிழமை செஃப் வந்ததும் வராததுமாக, என் அரைகுறை ஜெர்மனில் எல்லாவற்றையும் சொன்னேன். தம்பியின் கதைக்குச் சொற்கள் போதவில்லை. பொக்கற்றைக் காட்டினேன். இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக் காட்டினேன். செஃப் கடைசல் இயந்திரத்தை நிற்பாட்டிவிட்டு வெளியே போனார். கண்ணாடி வழியாகப் பார்த்தேன், அன்று அவர் சுருட்டைப் பற்றவைத்தார். திரும்பி வந்து கேட்டார். எங்கள் பேச்சில் சொல்வதென்றால் இப்படி:

"எந்தப் பாலத்திலையிருந்து போட்டவ?"

சொன்னேன்.

"அப்ப ரொய்ஸ் ஆத்துக்குப் போகும். பிறகு ரைன். பிறகு ஹொலண்டுக் கடல். ஹொலண்டுக்காரன் பொறுக்கட்டும்." தகப்பனின் இயந்திரத்தின் கைபிடியைத் தடவினார். "அப்பாவுக்குக் கடல் பாக்க ஆசை. ஒருநாளும் போகேல்லை."

அவ்வளவுதான். வேலைக்குப் போ என்று கையைக் காட்டினார். வெளிநாட்டிலிருந்து புதுக் கோதுகள் எடுப்பித்தார். விழாவில் சுட்டார். 

அந்த வருட நத்தார்ப் பண்டிகைக்கு எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். மனைவி கதவைத் திறந்ததும் அவர் உள்ளே வரவில்லை. வாசலில் நின்றபடி கோட்டுப் பொக்கற், காற்சட்டைப் பொக்கற் எல்லாவற்றையும் வெளியே இழுத்துக் காட்டினார். கதவுத் திறப்புக் கோர்வை, சிறு கத்தி, சுருட்டுப் பெட்டி, மூக்குத் துடைக்கும் கசங்கிய லேஞ்சி. ஒவ்வொன்றாகச் சப்பாத்துப் பலகையில் வைத்தார். மனைவி சிரிக்கவில்லை. ஒவ்வொன்றையும் பார்த்தாள். பிறகுதான் "வாங்கோ" என்றாள். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு தடவையும் செஃப் அதையே செய்தார்.

போன வருடம் அவர் காலமானார். பழைய சாமான் சேர்க்கும் ஒருவர் இயந்திரத்தை வாங்கியதாகவும், வளையம் தேவையில்லை என்று கழற்றித் தந்ததாகவும் செஃப்பின் மகன் சொன்னார். இயந்திரத்தின் வாயில் ஒரு கீறலும் இல்லையாம். வளையத்தை என்னிடம் தந்தார். அதைப் பொக்கற்றில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வாசலில் நின்று நானாகவே எடுத்து மனைவியிடம் நீட்டினேன்.

"இது என்ன?"

"செஃப்பின்ரை மெஷினிலை இருந்தது. நான் கடைஞ்சது."

கையில் வைத்துப் பாரம் பார்த்தாள். ஒரு கண்ணை மூடி ஓட்டை வழியாக வெளிச்சத்தைப் பார்த்தாள். பிறகு செஃப் தன் சாமான்களை வைக்கும் அதே இடத்தில், சப்பாத்துப் பலகையின் மேல், வைத்தாள்.