கம்பெனி எடுத்த முகம் வேண்டாம்

கும்மிடிப்பூண்டியில் எங்கள் ரயில்வே கேட்டை மூடிச் சுரங்கப்பாதை திறந்தார்கள். முதல் மழைக்கே அதில் ஒரு லாரி முழுகியது. அந்த வருடம் நடந்தது இது. தண்ணீர் வடிந்த மறுநாள் எங்கள் காலனிக் கன்னியம்மாள் என் வாசலில் வந்து நின்றாள். "நைனா, டேவிட்டண்ணன் போயிடுச்சி" என்றாள்.

அவனைத் தெரிந்த உங்களுக்காகச் சொல்கிறேன். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்ல, சங்கத்தில் எழுதிக்கொள்கிறார்கள்.

நாங்கள் வேலை பார்த்த ரோலிங் மில்லில் டேவிட் எலக்ட்ரீசியன். ஆள்குறைப்பு என்று எங்களை வெளியே தள்ளியபோது மில் கேட் முன்னால் தர்ணா உட்கார்ந்தோம். அப்போதும் அவன் கையில் கேமரா. காலனியின் கல்யாணம், காதுகுத்து, ஞானஸ்நானம் எல்லாம் அவன் எடுத்ததுதான். அத்தனை படமும் அவன் வீட்டு சர்வரில், ஒரு கறுப்புப் பெட்டிக்குள் இருந்தது. யார் போனிலிருந்தும் பார்க்கலாம். சாவு விழுந்தால் பேனருக்குப் படம் அங்கிருந்துதான் வரும். ஐடி கார்டோடு போனால் திட்டுவான். "கம்பெனி எடுத்த மூஞ்சி சாவுக்கு வேணாம். அதுல எவன்டா சிரிச்சிக்கினு கீறான்?"

பழைய மாடலுக்கு இனி அப்டேட் எதுவும் தரமாட்டோம் என்றது பெட்டி செய்த கம்பெனி. கொஞ்ச நாளில் எந்தப் போனும் அதற்குள் போக முடியவில்லை. காக்களூர் ரிப்பேர் கடையில், "காயலான் கடைக்குப் போடுங்க" என்றார்கள்.

"ஓடற மிஷினைச் செத்துப்போச்சின்னு சொல்றதே இவனுங்க வேலை. நம்மளயும் அப்பிடித்தானே சொன்னானுங்க?" என்றான் டேவிட்.

யார் வேண்டுமானாலும் சும்மா எடுத்துக்கொள்ளலாம் என்று எவரோ செய்து கொடுத்த வேறு மென்பொருளைப் பென்டிரைவில் இறக்கினான். அதை ஏற்றினால் பெட்டியில் இருப்பது அழிந்துவிடும். அதனால் முதலில் எல்லாப் படத்தையும் வேறு டிஸ்க்கில் நகல் எடுத்தான்.

கன்னியம்மாளின் செத்துப்போன புருஷன் ஏழுமலை சிரிக்கிற படம் உலகத்திலேயே அங்கே ஒன்றுதான். "அண்ணே, அந்தாளு மூஞ்சி போயிடுமா?"

"போவாது. ரெண்டு எடத்துல வச்சிக்கினு கீறேன்."

"அதுவும் போச்சின்னா?"

"நீயே வரைஞ்சிடு."

அவள் சிரிக்கவில்லை. யாரும் சுவிட்சை அணைத்துவிடக் கூடாதென்று துடைப்பத்தோடு பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் போனைச் சார்ஜில் போடப் போனேன். "கை வச்சிப் பாரு நைனா, வெளக்குமாறு பேசும்" என்றாள்.

திரையில் எழுத்து ஓடியது. நான் டேவிட்டின் முகத்தைப் பார்த்தேன். பாதியில் நின்றுவிட்டது. "என்னை வேணாம்னு சொல்ல இது யாரு?" என்று முதலிலிருந்து தொடங்கினான். சாயங்காலம் டீ கிளாசும் கையுமாகப் பல்லெல்லாம் தெரிய ஏழுமலை திரையில் வந்தான். கன்னியம்மாள் டேவிட்டின் போனைப் பிடுங்கி அவனையே ஒரு படம் எடுத்தாள்.

டேவிட் செத்தபோது பேனர் கடைக்காரர் ஐடி கார்டு கேட்டார். "அந்தக் கார்டு வேணாம்" என்றேன். கன்னியம்மாள் எடுத்ததைக் கொடுத்தோம். அந்தப் படத்தில் அவனுக்குப் பாதி நெற்றி இல்லை. "பட்டனை அமுத்தாத" என்று கத்துகிற வாய் திறந்திருக்கிறது. அதை மில் கேட்டுக்கு எதிரிலேயே கட்டினோம். வாட்ச்மேன் கழற்றச் சொன்னார். "ரோடும் உங்க கம்பெனியோடதா?" என்று கேட்டேன். கழற்றவில்லை.

பெட்டி இப்போது என் வீட்டில் ஓடுகிறது. அதன் பச்சை விளக்கைப் பார்க்கப் படிப்பு வேண்டாம். தர்ணாவில் மில் கேட் முன்னால் டேவிட் எடுத்த படத்தைத் தினமும் போடச் சொல்லிப் பார்க்கிறேன். அன்று நான் பொன்னேரி கோர்ட்டுக்குப் போயிருந்தேன். அதில் நான் இல்லை. அதில் இருக்கிற வரதன் போய்விட்டான். ஜோசப் போய்விட்டான். டீ கிளாசோடு சிரிக்கிற ஏழுமலை போய்விட்டான். எடுத்த டேவிட்டும் போய்விட்டான். ஓரத்தில் தூக்குச்சட்டியோடு நின்று கேட்டை முறைக்கிறவள் மட்டும் இருக்கிறாள். கன்னியம்மாள்.