கரி தேவைப்படாதவர்கள்

போன மாதம் பாளையம்பட்டிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் பிளக்ஸ் ஒன்று பார்த்தேன். 'அமெரிக்கக் கறுப்பர் எழுத்தும் கரிசல் மண்ணும்' என்று கருத்தரங்கு. காதுகுத்துக்கும் கடை திறப்புக்கும் பிளக்ஸ் வைக்கிற ஊரில் இது புதுசுதான். நடுவில் எங்கள் கல்லூரி நாடகத்தின் பழைய போட்டோ. முகமெல்லாம் கரி பூசிய ஒருத்தி கையை உயர்த்திப் பேசுகிறாள். அவள் சுகந்தி. பின்னால் நின்ற வரிசையை வெட்டிவிட்டிருந்தார்கள். ஓரத்தில் பாதி மூங்கில் கூடை மட்டும் தப்பியிருந்தது. அந்தக் கூடையைச் சுமந்தவள் இப்போது என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"ஏன் கூடைக்கு மட்டும் எடம் குடுத்துருக்காகடி" என்றாள் முத்துமாரி.

அந்தக் கரியின் வாசனை உங்களுக்குத் தெரியாது. அடுப்புக்கரியை இடித்து, சலித்து, தேங்காயெண்ணெயில் குழைத்தது. இன்றைக்கு அதையே குழாயில் அடைத்து, முகம் பொலிவாகும் என்று எங்கள் தெருக் கடையிலேயே விற்கிறார்கள். மூடியைத் திறந்தால் போதும், எனக்கு அருப்புக்கோட்டைக் கல்லூரியும் அமெரிக்கன் சாரும் வந்துவிடுவார்கள். எங்களுக்கு அமெரிக்க இலக்கியம் எடுத்தவருக்கு நாங்கள் வைத்த பெயர் அது. அமெரிக்கா என்ன, அவர் மதுரையைத் தாண்டியதற்கே சாட்சி கிடையாது.

நன்றாக நடத்துவார், அதை மறுக்க மாட்டேன். அடிமைகளாக இருந்தவர்கள் தப்பி வந்து தங்கள் கதையைத் தாங்களே எழுதியதையும், அந்த எழுத்து ஒரு தேசத்தின் மனச்சாட்சியை உலுக்கியதையும் சொல்லும்போது அவருக்குக் குரல் கம்மிவிடும். அவர்களை மேடைக்கு அழைத்துவந்த நல்ல வெள்ளைக்காரர்களே, நடந்ததை மட்டும் நீ சொல், கருத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்களாம். அதைச் சொல்லிவிட்டு மேசையை ஓங்கித் தட்டுவார். "என்ன அநியாயம் பாருங்கம்மா" என்பார். எங்களுக்கும் ரத்தம் கொதிக்கும்.

அந்தக் கொதிப்பில்தான் கல்லூரி விழாவுக்கு நாடகம் எழுதினார். திருட்டுத்தனமாக எழுத்துப் படித்த ஓர் அடிமைப் பெண், விடுதலையான பிறகு கூட்டத்தின் முன்னால் நின்று இங்கிலீஷில் பேசுவாள். 'இதுவரை என்னைப் பற்றி மற்றவர்கள் சொன்னார்கள், இனி நான் சொல்கிறேன்' என்று தொடங்கும் அந்தப் பேச்சு. முத்துமாரிக்கு அதன்மேல் பைத்தியம். திருச்சுழிக்குப் பக்கத்தில் ஒரு காலனியிலிருந்து வருவாள். நான் வீரசோழனில் ஏறும் பஸ்ஸில் அவள் திருச்சுழியில் ஏறுவாள். அருப்புக்கோட்டை வரும்வரை அந்தப் பேச்சைச் சொல்லிக்கொண்டே வருவாள். கண்டக்டர் விசிலடித்தால் அங்கே நிறுத்தி, விசில் முடிந்ததும் விட்ட இடத்தில் தொடங்குவாள்.

வேஷம் கொடுக்கும் நாளில் சார் அவளைப் பார்த்து மனசார மகிழ்ந்தார். "ஒனக்கு மேக்கப்பே வேணாம்மா. கச்சிதமா இருக்க" என்றார். கையில் கூடையைக் கொடுத்து, அடிமை வரிசையில் வாய் திறக்காமல் நிற்கச் சொன்னார். வரிசை முழுக்க அவளைப் போன்ற காலனிப் பிள்ளைகள்தான். வசனம் இருந்த வேஷம் சுகந்திக்குப் போயிற்று. சிவந்த பெண், டவுனில் பெரிய வீட்டுப் பிள்ளை. அவளைக் கறுப்பாக்கத்தான் அவ்வளவு கரியும் இடிபட்டது.

"சார், அந்த வசனம் எனக்கு முழுசாத் தெரியும்" என்றாள் முத்துமாரி.

"தெரிஞ்சா பத்துமா? கான்வென்ட் இங்கிலீஷ் வேணும்லம்மா."

எனக்கு முதலாளியம்மா வேஷம். முகத்தில் அரை டப்பா பவுடர். மாவு மில்லிலிருந்து தப்பி வந்தவள் மாதிரி நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். என் அத்தா மட்டும் அன்றைக்கு வந்து மகளை மேடையில் பார்த்திருந்தால் காலேஜும் அன்றோடு முடிந்திருக்கும். பருத்தி எடுக்கும் காட்சியில் சுகந்தி மல்லிகை பறிப்பதுபோல் இரண்டு விரலால் பறித்துக் கூடையில் போட்டாள். எங்கள் பக்கம் யாராவது கூடை வைத்துக்கொண்டு பருத்தி எடுத்திருக்கிறார்களா? சேலையில் மடி கட்டித்தான் எடுப்பார்கள். வெடித்த காயின் காய்ந்த தோட்டு நுனி குத்திக் குத்தி நகத்தோரமெல்லாம் கிழிந்திருக்கும். முத்துமாரியின் விரல்களைப் பார்த்திருந்தாலே போதும். யார் பார்த்தார்கள்?

பேச்சு வந்தது. முதல் வரியோடு சுகந்தி நின்றுவிட்டாள். மறுபடி முதல் வரி. மறுபடியும் திக்கல். அப்போது அவளுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல், குனிந்த தலை நிமிராமல், அடுத்த வரியை எடுத்துக் கொடுத்தது. அதற்கடுத்ததையும். ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை கேட்டேன், முதலில் சரியாக, அப்புறம் திக்கலாக. கைதட்டல் அடங்கவே இல்லை. கோப்பை சுகந்திக்கு. நான் பவுடரோடு ஓடிப்போய், "சார், சொன்னதெல்லாம் முத்துமாரி" என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டே, "எல்லாம் கூட்டு முயற்சிதாம்மா" என்றார்.

முத்துமாரி இப்போது அரசுப் பள்ளி ஆசிரியை. நான் அமெரிக்க இலக்கியம் படித்துவிட்டு வீரசோழனில் நைட்டி விற்கிறேன். சார் ஓய்வுபெற்று, அந்தக் கருத்தரங்கில் சிறப்பு விருந்தினர். "குரலற்றவர்களுக்கு அன்றைக்கே நாம் குரல் கொடுத்தோம்" என்று அதே கம்மலோடு பேசினார். அந்த மேடையில் யாருக்கு யார் குரல் கொடுத்தது?

முத்துமாரி எழுந்தாள். "சார், அந்த வசனத்த ஒரு தடவ நான் சொல்லட்டுமா?"

மைக் வைத்திருந்தவர் முந்திக்கொண்டார். "கேள்வி இருந்தா மட்டும் கேளுங்க மேடம். கருத்தெல்லாம் ஐயா சொல்லிட்டாங்க. சாப்பாடு ரெடி."

சார் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தார். மேசையைத் தட்டவில்லை. நாங்கள் சாப்பாட்டுக்கு நிற்கவில்லை. திருச்சுழி பஸ்ஸில் ஏறிவிட்டோம்.

ஜன்னலுக்கு வெளியே ஒரு பருத்திச்செடி இல்லை. அந்தக் காடெல்லாம் சீமைக்கருவேலம். "எங்கிட்டச் சொல்லுடி. அவுக கேக்காட்டிப் போறாக" என்றேன். முதுகை நிமிர்த்தி முதல் வரியைச் சொன்னாள். நிறுத்தினாள். திரும்பவும் முதல் வரி. கண்டக்டர் விசிலடித்தார், விசில் முடிந்தது, அவள் தொடங்கவில்லை.

"வரலடி. அவ திக்குனதுதான் காதுல நிக்கிது" என்றாள். வெளியே பார்த்துக்கொண்டு, "நல்லவேள, அங்க அவுக பேச விடல" என்றாள்.

பருத்தி போனதற்கு மழையைச் சொல்கிறார்கள், புழுவைச் சொல்கிறார்கள். இந்த வசனம் போனதற்கு யாரைச் சொல்வது என்று எனக்குத் தெரியும்.