பத்து லட்சத்து மூன்று

என் கணவர் நாகர்கோவிலில் ஒரு ஹைஸ்கூலில் கணக்கு வாத்தியார். நான் ஏழாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள். கல்யாணமாகிச் சுசீந்திரத்துக்கு வந்த மூன்றாம் வருஷம், ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்தபோது, பத்து லட்சத்து மூன்று பகா எண்தானா என்று பார்க்கத் தொடங்கினேன். ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதனாலும் வகுபடக் கூடாது. வகுபட்டால், பெருக்கும் இரண்டு எண்களில் ஒன்றாவது ஆயிரத்துக்குள் இருந்தாக வேண்டும். இரண்டுமே ஆயிரத்தைத் தாண்டினால் பெருக்கம் மிஞ்சிவிடும். ஆயிரத்துக்குள் பகா எண்கள் நூற்று அறுபத்தெட்டு. அத்தனையாலும் வகுக்க வேண்டும்.

சிலேட்டில் வகுத்து மீதியை நோட்டில் எழுதினேன். ஏழால் வகுத்தால் மீதி நான்கு. பதினொன்றாலும் நான்கு, பதிமூன்றாலும் நான்கு. மூன்றையும் பெருக்கிய ஆயிரத்தொன்றால் வகுத்தாலும் நான்குதான்! அது பிடிபட்ட அன்று சோறு அடிப்பிடித்துவிட்டது.

"ஏட்டி, ஒனக்கு எதுக்கு இந்தச் சோலி?" என்றார் அவர்.

கடைசியாகத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழு. மீதி பன்னிரண்டு. பகா எண்தான்! நோட்டைக் காட்டினேன். புரட்டிப் பார்த்தார், எடுத்துக்கொண்டு போனார்.

தை மாதம் பள்ளிக்கூட ஆண்டு விழா. பெண்கள் வரிசையில் நானும் இருந்தேன். அவர் மேடையேறி, "ஒரு மாதம் உட்கார்ந்து நான் கண்டது" என்று என் மீதிகளைக் கரும்பலகையில் எழுதினார். சபை கைதட்டியது. எனக்குக் காது இரண்டும் எரிந்தன.

"இதே மாதிரி இன்னொண்ணு உண்டுமா?" என்று தலைமையாசிரியர் கேட்டார்.

"பத்து லட்சத்து ஒன்பதும் பகா எண்தான். பார்த்தாச்சு," என்றார் என் கணவர்.

அவர் பார்க்கவில்லை. பார்த்தவள் நான், அந்த நோட்டில் எழுதாமல் சிலேட்டிலேயே. எழுந்து நின்றேன்.

"இல்லெ. அது இருநூத்தித் தொண்ணூத்தி மூணால வகுபடும். மூவாயிரத்து நானூத்திப் பதிமூணு தடவ."

தலைமையாசிரியரே பலகையில் பெருக்கிப் பார்த்தார். சரியாக வந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தார். "வாத்தியாரு வீட்டுல நல்லாச் சொல்லிக் குடுத்திருக்காரு!"

சபை மறுபடியும் கைதட்டியது. என் கணவருக்கு!

பஸ்ஸில் வீடு திரும்பினோம். வாசற்படி ஏறியதும் தொடங்கினார்: "சபையில மானத்த வாங்கிட்டியே."

"அது நான் போட்ட கணக்குல்லா?"

"நீ போட்டா என்ன, நான் போட்டா என்ன? ஒரே வீடுதானே."

"ஒரே வீடுன்னா, எம்பொஞ்சாதி போட்டதுன்னு சொல்ல ஒங்களுக்கு வாய் வரலியா?"

நோட்டு எங்கே என்று கேட்டேன். தலைமையாசிரியரிடம் இருப்பதாகச் சொன்னார். மறுநாள் என் கணவரிடம் கேட்காமல் தனியாகப் பஸ் ஏறிப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

"வாத்தியாருக்கு வேணும்னாரா?" என்றார் தலைமையாசிரியர்.

"எனக்கு வேணும்."

மேசை இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். முதல் பக்கத்தில் என் கணவர் பெயர், அவருடைய கையெழுத்திலேயே. அங்கேயே மைக்கூட்டைக் கேட்டு வாங்கி, அந்தப் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதினேன்.