சக்கரவர்த்தினியின் தகப்பன்

திருமணத்துக்கு முன் நான் ஞானஸ்நானம் பெற வேண்டும் என்று எனக்கு நிச்சயித்தவரின் தாயார் கேட்டபோது உடனே சம்மதித்துவிட்டேன். அவர்கள் மன்னார்க் கத்தோலிக்கர், நாங்கள் யாழ்ப்பாணத்துச் சைவர். திருமணத்துக்கு அப்பா தலையாட்டியிருந்தார். ஆனால் மதமும் பெயரும் மாறப்போகின்றன என்று அவரிடம் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

குருவானவர் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளைச் சொல்லி ஒன்றைத் தெரிவுசெய்யச் சொன்னார். இங்கே ஜெர்மனியில் நாங்கள் இருக்கும் ஹம் நகரின் ஓரத்து ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேர் நடக்கும் ஞாயிறையே எடுத்தேன். அன்று விடிவதற்கு முன்பே அப்பா அங்கே போய்விடுவார். பொழுதுபடும் வரை தண்ணீர்ப் பந்தலில் மோர் வார்ப்பார். ஹம்மிலே மகள் என்ன செய்கிறாள் என்று தேட அவருக்கு நேரமிராது. கெட்டிக்காரிதான் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஆனாலும் பிறகொரு நாள் தெரியவரும்தானே. அதற்கு இப்போதே பாதை போட்டு வைப்போம் என்று நினைத்தேன். ஹாலே நகரப் பல்கலைக்கழகத்தில் நான் வரலாறு படித்தபோது ஆய்வு செய்தது ஒரு ருஷ்யச் சக்கரவர்த்தினியைப் பற்றி. ஹாலேக்கு அண்மையில் ஒரு சின்ன ஊரை ஆண்ட ஜெர்மன் குடும்பத்தின் மகள் அவள்.

ஒரு சனிக்கிழமை அப்பா சமையலறையில் வெண்டிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்து கதையைத் தொடங்கினேன். கலியாணத்துக்காகப் பதினைந்து வயதில் மதம் மாறினாள், பெயர் மாறினாள், புதுப் பாஷை படித்தாள். பிறகு பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்தாள். நாட்டுக்குப் புதுச் சட்டம் எழுத ஆட்களைக் கூட்டினாள். அம்மைப்பால் குத்தச் சனம் பயந்தபோது முதலில் தன் கையை நீட்டினாள். பண்ணையடிமைகளைக் கைவிட்டதை மட்டும் வசதியாக விழுங்கிக்கொண்டேன்.

அப்பா கவனமாகக் கேட்டார். “கெட்டிக்காரிதான்,” என்றார். “மதம் மாற அவவின்ரை தகப்பன் சம்மதிச்சவரோ?”

“முதல் விருப்பமில்லை. மாறவேண்டாமெண்டுதான் எழுதிக் குடுத்தவர்.”

“பிறகு கலியாணத்துக்கு வந்தவரோ?”

என் ஆய்வில் அதற்கு ஒரே ஒரு வரிதான் கொடுத்திருந்தேன்.

“இல்லை அப்பா. அவரைக் கூப்பிடேல்லை. பிறகு மகளைக் காணாமலே செத்துப்போனார்.”

“பாவம் மனுசன்,” என்றார், எங்கள் தெருவில் இருந்த ஒருவரைப் பற்றிச் சொல்வதுபோல. அடுத்த வெண்டிக்காயை எடுத்தார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. ஞானஸ்நானம், புதுப் பெயர், தேர் நாளை நான் வேண்டுமென்றே எடுத்தது, எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கத்தியைக் கீழே வைத்தார். “அம்மாவுக்குத் தெரியுமோ?”

“ஓம்.”

“அப்ப எனக்கு மட்டும்தான் தெரியாது.”

கோபப்பட்டிருந்தால் பதிலுக்குப் பேசியிருப்பேன். அவர் எழுந்துபோய் நெடுநேரம் கை கழுவினார். முகத்தை என் பக்கம் திருப்பவில்லை. பிறகு போனை எடுத்துக் கோயிலில் பந்தல் பொறுப்பில் இருப்பவரை அழைத்தார்.

“அண்ணை, இந்தமுறை மோர்ப் பந்தலுக்கு வேறை ஆள் பாருங்கோ. எனக்கு வர ஏலாது. அண்டைக்கு மகளோடை நான் நிக்கவேணும்.”