சுருக்கி அனுப்பிய நெஞ்சுத் துடிப்பு

இரண்டு பேருக்கு நடுவில் நின்று பேச்சை மாற்றிச் சொல்லும் பிழைப்பில், தப்பை யார் பண்ணினாலும் ஏச்சு நடுவில் நிற்பவருக்குத்தான். என்னைப்போலவே நடுவில் நின்று அதை வாங்கித் தின்ற உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அப்பா காரைக்கால், அம்மா இந்த ஊர். எனக்கு ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. ஆனாலும் தமிழ், வியட்நாமியம் இரண்டு பாஷையும் வாயில் புரளும் என்பதால், இங்கே தூ டுக் பகுதியில் கம்பெனி போட்ட சென்னைப் பிள்ளைகள் என்னைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். கர்ப்பிணியின் வயிற்றில் ஒரு பெல்ட்டைக் கட்டினால், உள்ளே இருக்கும் பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பைப் பிடித்து செல்போன் வழியாக ஆஸ்பத்திரிக்கு அனுப்பும். கட்டுவதும், கட்டிக்கொள்பவளிடம் பேசுவதும் என் வேலை.

பாட்டுக்காரப் பிள்ளை

"முழுச் சத்தமும் அனுப்பினா நெட் தாங்காது ஆன்ட்டி. வேண்டாததைக் கழிச்சுட்டுச் சுருக்கி அனுப்புவோம்" என்றான் இன்ஜினியர் பிரபாகர். எது வேண்டாதது என்று மெஷினே தீர்மானிக்குமாம்.

பின் யுவோங் மாகாணத்தில் தொழிற்சாலைப் பெண்கள் இருக்கும் வாடகை அறைகள் முதுகோடு முதுகு ஒட்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஆனால் கரோக்கே. ஒருத்திக்கு பெல்ட்டைக் கட்டினேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவன் பீரும் கையுமாக, காதலி போன சோகத்தை அலறிக்கொண்டிருந்தான். மெஷின் அவனுடைய டிரம் சத்தத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டு பிள்ளையைக் கழித்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டரம்மா போன் பண்ணினார்: "இந்தப் பிள்ளை பிறந்ததும் மேடை ஏறட்டும். இப்போ நெஞ்சு எங்கே, முதல்ல அதை அனுப்புங்க."

ரோட்டு விளக்கு

ஹான் செருப்புத் தொழிற்சாலையில் தையல் லைனில் இருந்தாள். முதல் பிள்ளை ஏழாம் மாதம் வயிற்றிலேயே அடங்கிப்போனது. இது இரண்டாவது. அப்போது பெல்ட்டில் சின்ன ஸ்பீக்கர் உண்டு. சத்தம் வந்ததும் கண்ணை மூடிக்கொள்வாள். அவிழ்க்கப் போனால் என் கையைப் பிடித்துக்கொள்வாள்.

அடுத்த மாடலில் இன்னும் சுருக்கினார்கள். சத்தமே கிடையாது. போனில் துடிப்பின் எண் மட்டும், கூட ஒரு பச்சை விளக்கு. "சத்தம் கேட்டா சும்மா பயப்படுவாங்க ஆன்ட்டி. பச்சைன்னா பிள்ளை சுகம்னு சொல்லுங்க" என்றான் பிரபாகர். சொன்னேன். அந்தப் பெண்களுக்கு நான் 'கோ ஹாய்', நம்ம பெரிய அத்தை மாதிரி. ஹான் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பச்சை விளக்கு ரோட்டுக்கு ரோடு எரியுது, கோ ஹாய். எனக்கு என் பிள்ளை சத்தம்தான் வேணும்."

பழைய பச்சை

முன்னெல்லாம் ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டால், சூப்பர்வைசர் முனகிக்கொண்டாவது அனுப்பிவிடுவார். பெல்ட் வந்த பிறகு "போனைக் காட்டு" என்பார். பச்சை என்றால் லைனுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

ஒரு மழை நாளில் தொழிற்சாலை மருந்தறையில் ஹானுக்குக் கட்டினேன். "காலையிலிருந்து அசையவே இல்லை" என்றாள். உதடு வெளுத்திருந்தது. தகரக் கூரையில் மழை கொட்டிய கொட்டில் பெல்ட்டுக்கு ஒன்றும் எட்டவில்லை. ஆனாலும் போனில் பச்சை. பிரபாகரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "புதுசா ஒண்ணும் சிக்கலைன்னா கடைசியா வந்த நல்லதையே காட்டும் ஆன்ட்டி. டேட்டா மிச்சம்" என்றான். அப்படியானால் அது போன வாரம் கட்டியபோது வந்த பச்சை! சூப்பர்வைசரிடம் ஓடிச் சொன்னேன். அவர் முகம்கூட மாறவில்லை. "மெஷினை நம்புன்னு சொன்னதும் நீங்க, நம்பாதேன்னு சொல்றதும் நீங்க. முதல்ல நீங்களும் உங்க மெஷினும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க, பாட்டி."

சுவரில் ஒட்டிய பிள்ளை

ஹான் ஏப்ரனைக் கழற்றி அவர் மேசையில் வைத்துவிட்டு என் பைக்கில் ஏறினாள். ஒரே மழைக்கோட்டுக்குள் இரண்டு பேர். வழியெல்லாம் அவள் வயிறு என் முதுகில் இடித்துக்கொண்டே வந்தது. உள்ளிருந்து ஒரு உதையாவது வராதா என்று முதுகாலேயே கேட்டுக்கொண்டு ஓட்டினேன். வரவில்லை.

ஆஸ்பத்திரியில், பிள்ளையின் கழுத்தில் கொடி சுற்றியிருக்கிறது என்று உடனே ஆபரேஷன் பண்ணி எடுத்தார்கள். கைக்குள் அடங்குகிற ஒரு பெண். கொஞ்ச நேரம் சும்மா கிடந்து, அப்புறம் அழுதது. ஹானும் அழுதாள். கேட்காமல் லைனை விட்டுப் போனாள் என்று தொழிற்சாலை அவளை வேலையை விட்டு நிறுத்திவிட்டது.

கம்பெனிக்காரர்கள் பால் பவுடர் டப்பாக்களோடு போய்ப் படம் எடுத்து வந்தார்கள். ஆபீஸ் சுவரில் பெரிய போஸ்டர்: ஹான், மடியில் பிள்ளை, இடுப்பில் எங்கள் பெல்ட். தக்க நேரத்தில் பெல்ட் காப்பாற்றியது என்று கீழே எழுத்து. "அவளா எழுந்து வந்தாளே, அது எங்கேப்பா?" என்று கேட்டேன். பிரபாகர் கெட்டவன் இல்லை. தலையைச் சொறிந்தான். "நடந்தது முழுசும் போஸ்டர்ல பிடிக்காது ஆன்ட்டி. சுருக்கித்தான் போட முடியும்."

சுருக்கியதில் கழிந்துபோனது ஹானின் வேலையும் அவள் வாயால் சொன்னதும் மட்டும்தான். பச்சை விளக்கு பத்திரமாக எரிகிறது.