கன்னியம்மாவுக்கு ஒரு ராஜினாமாக் கடிதம்

எங்கள் மீனவர் குப்பத்தில் நாட்டார் என்கிற ஊர்த்தலைவர் பதவி யாரையும் உயிரோடு விட்டதில்லை. தாத்தா செத்தால் அப்பா, அப்பா செத்தால் பிள்ளை. கல்யாணத்தில் முதல் தாம்பூலம் நாட்டாருக்கு. தகராறில் கடைசி வார்த்தை நாட்டாருடையது. கடலுக்குப் போகலாமா கூடாதா என்பதும் அவர் வாயிலிருந்துதான் வரவேண்டும். அப்படிப்பட்ட பதவியிலிருந்து திடகாத்திரமாக நடந்து இறங்கிய ஒரே மனிதர் அப்பாவு. இறங்கிய பிறகு பதினாறு வருஷம் மற்றவர்களோடு சேர்ந்து கட்டுமரம் தள்ளி, வலை இழுத்து, சாதாரண ஆளாகவே வாழ்ந்து முடித்தார். நான் திருவொற்றியூரில் தீப்பெட்டிக் கம்பெனிக் குமாஸ்தா. எத்தனையோ துரைமார்களுக்கு சலாம் போட்டிருக்கிறேன். வாயடைத்து நின்றது இவர் ஒருவர் முன்னால்தான்.

ஐம்பத்தாறாம் வருஷம் ஐப்பசிக் கடைசியில் மூன்று நாள் கடல் கொந்தளித்தது. நாட்டார் தடை போட்டார், ஒரு கட்டுமரமும் இறங்கவில்லை. தடையை எடுப்பதற்கு ஒரு முறை உண்டு. முதலில் ஒரே ஒரு மரம் அலை தாண்டிப் போய், நீரோட்டம் பார்த்துவிட்டுத் திரும்பும். அது வந்து சொன்ன பிறகுதான் மற்றவை இறங்கும். நாலாம் நாள் காலை காற்று அடங்கியிருந்தது. பல வீட்டில் அடுப்பு எரியவில்லை. ஆண்கள் துடுப்போடு வந்து அவரைச் சூழ்ந்துகொண்டு நச்சரித்தார்கள். அப்பாவு கடலை ஒரு பார்வை பார்த்தார். “சரி, போங்கடா” என்றார். முதல் மரம் போகவில்லை. எல்லாரும் ஒன்றாக இறங்கினார்கள். பதினோரு மரம் போய் பத்து திரும்பியது. கன்னியம்மாவின் புருஷன் திருமலை தனியாளாகக் கொண்டுபோன மரம், இரண்டு நாள் கழித்து எண்ணூர்ப் பக்கம் ஆளில்லாமல் ஒதுங்கியது.

கடலில் ஒருவன் போனால் எங்கள் ஆட்கள் கடலைத் திட்டமாட்டார்கள், நாட்டாரையும் திட்டமாட்டார்கள். அவன் பெண்டாட்டியைத்தான் பார்ப்பார்கள். வீட்டில் இருப்பவள் ஒழுங்காக இருந்தால் கடலில் இருப்பவன் ஒழுங்காகத் திரும்புவான் என்று ஒரு நம்பிக்கை. அன்று விடியலில் கன்னியம்மா புருஷனோடு சண்டை போட்டதை அடுத்த வீட்டு முத்தம்மா கேட்டிருந்தாள். அது போதாதா? அவன் போன கையோடு இவள் தலை வாரினாள், வாசல் பெருக்கினாள் என்று நாளுக்கொரு குற்றம் முளைத்தது. கிணற்றடிக்கு அவள் வந்தால் மற்றப் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். முறை எங்கே தவறியது என்று கரையில் நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். நச்சரித்தவர்களும் அவர்கள்தானே, எப்படி வாயைத் திறப்பார்கள்? நானும் திறக்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

கார்த்திகையில் அரியலூர்ப் பக்கம் வெள்ளத்தில் பாலம் போய், தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்தது. நூறு பேருக்கு மேல் செத்தார்கள். கொஞ்ச நாளில் டெல்லியில் ரயில்வே மந்திரி ராஜினாமா செய்தார்.

ராமதாஸ் டீக்கடையில் பத்திரிகையை உரக்கப் படிப்பது என் வேலை. படிக்கத் தெரியாத பாதிக் குப்பம் பெஞ்சில் உட்கார்ந்து கேட்கும். அன்றைக்குக் கையில் மூன்று பத்திரிகை. ஒன்று மந்திரியைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. இன்னொன்று, ராஜினாமா இருக்கட்டும், விசாரணை என்ன ஆயிற்று என்று கேட்டது. மூன்றாவது, ஒருவர் மட்டும் போனால் போதுமா, மற்றவர்கள் ஏன் இன்னும் நாற்காலியில் இருக்கிறார்கள் என்று கிழி கிழி என்று கிழித்தது.

“தங்கமான மனுசன்யா. பதவி இன்னா லேசுல வுடற சமாச்சாரமா?” என்றார் கதர்ச் சட்டை ராமதாஸ்.

“அட போ நைனா. எலக்சன் வந்துகினு கீது, அதுக்குப் போடற வேசம்” என்றான் கறுப்பு சிவப்புத் துண்டு போட்ட ரகுபதி.

இருவருக்கும் சண்டை சூடு பிடித்தது. பெஞ்சின் ஓரத்தில் இருந்த அப்பாவு மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் டீயில் ஆடை படிந்துவிட்டது.

“சுப்பராயா, அந்த மந்திரி ரயில்ல இருந்தாரா?”

“இல்ல நாட்டாரே. டெல்லில இருந்தாரு.”

“பாலத்தை அவுரு கட்னாரா?”

“அதுவும் இல்ல.”

“பின்ன இன்னாத்துக்குப் போறாரு?”

“ரயில்வே அவரு பொறுப்பாச்சே. முன்ன ஒரு விபத்துக்கே கடுதாசி குடுத்தாரு. பிரதமர் வாணாம்னுட்டாரு. இப்ப மறுபடியும் குடுத்துட்டாரு.”

“ரெண்டு வாட்டியா?” என்றார். கோயில் கருவறையில் திரை விலகும்போது சில பேர் முகம் ஆகுமே, அவர் முகம் அப்படி ஆகிவிட்டது. முகம் தெரியாத நூறு பேருக்காக அவ்வளவு பெரிய பதவியை ஒருவர் விட்டுவிட்டார், அப்படி விட முடியும் என்பதே அவருக்குப் புதுச் செய்தி. டீயைக் குடிக்காமலே எழுந்து போனார்.

மத்தியானம் என் வீட்டுக்கு வந்தார். “ஒரு ராஜினாமா எழுதணும்” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “யாருக்கு எழுதறது? பஞ்சாயத்துக்கா?”

“அவுங்க நான் சொல்றதுக்குத் தலையாட்றவங்க. வாணாம்னு சொல்லிக் கட்டிப் போட்ருவாங்க.” தாடையைத் தடவினார். “மந்திரிக்கு மேல பிரதமர் கீறாரு. எனக்கு மேல யாரு கீறா சொல்லு. கன்னிம்மாவுக்கு எழுது.”

நாட்டார் ஒரு பெண்ணின் வாசலில், அதுவும் தாலியறுத்து மாதம் ஆகாதவள் வாசலில் போய் நிற்பதாவது? எங்கள் குப்பத்தில் யார் கண்டது, யார் கேட்டது? ஆனாலும் அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். கீழே கைநாட்டு வைத்தார்.

தெருவில் அவர் முன்னே நடக்க, நான் காகிதத்தோடு பின்னே போனேன். விஷயம் எப்படித்தான் பரவியதோ, பின்னால் கூட்டம் சேர்ந்துவிட்டது. பஞ்சாயத்தார் இருவர் ஓடி வந்து வழியை மறித்தார்கள்.

“நாட்டாரே, குப்பத்து மானம் பூடும். கடல் எட்த்துகினு போனதுக்கு நீ இன்னா பண்ணுவே?”

“வழிய வுடு” என்றார் அப்பாவு. அவ்வளவுதான். விட்டுவிட்டார்கள். காலையில் வேஷம் என்று சொன்ன ரகுபதி துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு கூட்டத்தோடு சத்தமில்லாமல் வந்தான்.

கன்னியம்மா குடிசைக்குள்ளிருந்து வெளியே வந்தாள். யாரோ தன்னைக் குப்பத்தை விட்டே அனுப்ப வந்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்திருப்பாள். கதவு நிலையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அப்பாவு தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டார். நாட்டார் யாருக்கும் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

நான் படித்தேன்: “கன்னியம்மாவுக்கு அப்பாவு எழுதிக்கொள்வது. தடையை எடுக்கும் முன் ஒரு மரம் போய்ப் பார்த்து வரவேண்டும். நான் அனுப்பவில்லை. திருமலை செத்தது என் தப்பு. உன் மேல் எந்தத் தப்பும் இல்லை. இனிமேல் நான் நாட்டார் இல்லை.”

கன்னியம்மா அழவும் இல்லை, அப்பாவுவைப் பார்க்கவும் இல்லை. அவள் கண் கூட்டத்தைத் தாண்டி, முத்தம்மா வீட்டுக் கதவிலும் அதற்கப்பால் கிணற்றடியில் நின்ற பெண்களிடமும் போயிற்று.

“சுப்பராயண்ணே” என்றாள். “நீ மெள்ளமா படிக்கிறே. நடுத் தெருவுல நின்னு, அல்லா வூட்டுக்கும் கேக்கறாப்ல இன்னொரு தபா படி.”

நான் தெரு நடுவில் போய் நின்றேன். தொண்டை கிழியப் படித்தேன்.